முச்சந்தியில ஒடைஞ்ச நீத்துப்பூசணி

மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கமா நிக்கிற அந்தப் பெரிய திரையைக் கண்டி டவுன்ல தெரியாத ஆள் கெடையாது. எந்த பஸ் எப்ப வரும், எந்த ரோட்டுல நெரிசல், எங்க வண்டி நிப்பாட்ட எடம் இருக்கு, எல்லாத்தையும் மூணு பாஷையிலயும் காட்டும். அதோட, ரோட்டுல குப்பை கொட்டுறவங்களையும் மொகம் தெரியப் படம் புடிச்சுப் போடும். அந்த மொகங்களுக்கு நடுவுல ஒரு நாள் கஜலட்சுமியோட அப்பா செல்லச்சாமி மொகம் வந்துச்சு. அன்னைக்கி அவ வயித்துல பத்துன நெருப்பு இருக்கே, அது லேசுல அணையிற நெருப்பு இல்ல.

இத்தனைக்கும் கஜலட்சுமி அந்தத் திரைக்குப் பின்னால வேலை செய்றவ. ஹில்க்ளீன்னு ஒரு தனியார் கம்பெனி தெருவுக்குத் தெரு கேமராவும், தொட்டிக்குத் தொட்டி ஒரு கருவியும் மாட்டி வச்சிருந்துச்சு. தொட்டி நெறைஞ்சா கருவி சொல்லும், லொறி வரும். முந்தி மார்க்கெட் பக்கம் மூக்கைப் பொத்தாம நடக்க ஏலாது. இப்ப காக்காவுக்கே அங்க வேலை இல்ல. பொய் சொல்லப்படாது, நல்ல ஏற்பாடுதான். கட்டுப்பாட்டு அறையில உக்காந்து கேமராக்களைப் பாக்குற வேலை அவளுக்குக் கெடைச்சப்ப, செல்லச்சாமி கடைக்கு வந்தவங்க எல்லாருக்கும் கற்கண்டு குடுத்தாரு.

அவருக்குக் கோயில் ரோட்டுல ஒரு பூசைச் சாமான் கடை. கற்பூரம், சாம்பிராணி, தேசிக்காய், நீத்துப்பூசணின்னு சின்ன யாவாரம். ஆனா அந்தக் கடைய வைக்க மனுசன் பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா? அவரு அப்பா கறுப்பையா இந்த டவுன் ரோட்டைக் கூட்டியே முதுகு வளைஞ்சவரு. முனிசிபல் தொழிலாளிங்க லயத்து வீட்டுல பொறந்த செல்லச்சாமி, மூட்டை தூக்கி, பொட்டணம் கட்டி, கண்டவங்ககிட்டயும் பேச்சு வாங்கி, மெல்ல மெல்ல ஒரு கல்லாவுக்குப் பின்னால போய் உக்காந்தாரு. "மொதலாளி"ன்னு யாராச்சும் கூப்புட்டா இன்னமும் அவருக்குக் காது குளுந்துபோகும். அவரு தங்கச்சி அன்னலட்சுமி மட்டும் அப்பாவோட வேலையையே எடுத்துக்கிட்டு, இன்னைக்கும் ரோட்டைக் கூட்டிக்கிட்டு இருக்கா.

வெள்ளிக்கெழமை கடை சாத்தையில செல்லச்சாமி ஒரு நீத்துப்பூசணியில ஓட்டை போட்டு, குங்குமத்தைக் கரைச்சு ஊத்தி, மேல கற்பூரத்தைக் கொளுத்திக் கடையச் சுத்துவாரு. சுத்திட்டு நேரா முச்சந்திக்குப் போய் படார்னு ஒடைப்பாரு. ஊரு கண்ணு, ஒறவு கண்ணு எல்லாம் அதோட போயிரும். ஆனா முச்சந்தியில புதுசா மாட்டுன கேமராவுக்குத் திருஷ்டி தெரியுமா, தெய்வம் தெரியுமா? ஒரு ஆள் வந்தான், சாமானைப் போட்டான், போனான். அதுக்கு அது குப்பை, அம்புட்டுதான்.

சரி, மெசின்தானே, அதுக்கு என்ன தெரியும்னு விட்டுரலாம். மெசின் சொன்னதை ஒரு மனுசன் பாத்து "உறுதி"ன்னோ "நிராகரி"ன்னோ பட்டனை அமத்தினாத்தான் மொகம் திரைக்குப் போகும். அன்னைக்கி கஜலட்சுமிக்கு லீவு. உறுதிய அமத்தினவன் அந்த அறைக்கே பொறுப்பான ரவிகுமார். டவுன்ல பழைய நகைக்கடைக் குடும்பத்துப் புள்ள, நெத்தியில சந்தனம் இல்லாம வேலைக்கு வரமாட்டான். நீத்துப்பூசணின்னா என்னன்னு அவனுக்கா தெரியாது?

திரையில மொகத்தைப் பாத்த ஒடனே கஜலட்சுமி மூச்சு வாங்க அவன் முன்னால போய் நின்னா.

"சேர், அது குப்பை இல்ல. அப்பா திருஷ்டி கழிச்சாரு. ஒங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் கஜா. சிஸ்டத்துக்குத் தெரியாதே" ன்னு கதிரையில சாஞ்சுக்கிட்டான்.

"நீங்க மனசு வச்சா இப்பவே அழிச்சிரலாம் சேர். ஒங்களைக் கையெடுத்துக் கும்புடுறேன்."

"வாயால சொன்னா சிஸ்டத்துக்கு விளங்காது. விதி ஒண்ணு இருக்கு, நானே எழுதுனது. குப்பை போட்ட எடத்துலயே வந்து ஒரு காலைப் பொழுது கூட்டணும். கூட்டினா மொகம் தன்னால போயிரும்."

அதோட வாய மூடியிருந்தான்னா இந்தக் கதையே இல்ல. பக்கத்துல நின்னவங்களைப் பாத்து ஒரு கண்ணடிச்சுட்டு, "அவருக்கென்ன கஷ்டம்? ஒங்க ஆளுங்களுக்குப் பழகின வேலைதானே" ன்னான். அறையே சிரிச்சுச்சு. சிரிக்காத ஒருத்தர் ரெண்டு பேர் குனிஞ்சு கீபோர்டைப் பாத்தாங்க.

வேலைய வீசி எறிஞ்சிட்டு வந்துருவோமான்னு இருந்துச்சு அவளுக்கு. ஆனா செல்லச்சாமி விடல. "ஒன் வேலைக்கி ஒரு கொறை வரக் கூடாதும்மா. ஒரு காலைதானே" ன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டாரு. ஆரஞ்சு நெற மேலங்கிய மாட்டிக்கிட்டு, அதே முச்சந்தியில, கடைக்கு வழக்கமா வர்ற சனமெல்லாம் பாக்கக் கூட்டினாரு. "என்ன மொதலாளி இது" ன்னு ஒருத்தர் கேட்டதுக்கு அவரு தலைய நிமுத்தவே இல்ல. கஜலட்சுமி அதைக் கட்டுப்பாட்டு அறையில உக்காந்து திரையில பாத்தா. பெத்த அப்பனை அப்பிடிப் பாக்குற கண்ணு அவிஞ்சுபோகக் கூடாதான்னு இருந்துச்சு.

வீட்டுக்கு வந்தவரு குளிச்சாரு, படுத்தாரு. அதுக்கப்புறம் கடைக்கதவு தொறக்கல. யாரு வந்து கூப்புட்டாலும் "ஒடம்புக்கு ஏலாது" ன்னு ஒரே பதில். சாம்பிராணி வாசத்துலயே வாழ்ந்த மனுசன் செவுத்தைப் பாத்துக்கிட்டுக் கெடந்தாரு.

அன்னலட்சுமி வந்து அண்ணனை எட்டிப் பாத்துட்டு, குசினியில அடுப்புக்கிட்ட இருந்த மருமக கஜலட்சுமி பக்கத்துல வந்து உக்காந்தா.

"நான் தெனம் வெளக்கமாறு புடிக்கிறேன். எனக்கு என்ன கொறைஞ்சு போச்சு? வெளக்கமாத்துல கேவலம் இல்லடி. அந்தப் பய வாயிலதான் கேவலம்."

"அவனை விடமாட்டேன் அத்தை."

"விடாத. அவனுக்குன்னு நான் ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். நல்லாத் தேஞ்சது, கம்பும் ஒடைஞ்சது. முதுகை முழுசா மடிக்காம அதால கூட்டவே ஏலாது" ன்னா அன்னலட்சுமி. ரெண்டு பேரும் அன்னைக்கித்தான் கொஞ்சம் சிரிச்சாங்க.

அப்புறம் கஜலட்சுமி காத்திருந்தா. என்னா காத்திருப்புங்கிறீங்க! தெனம் காலைல "குட் மோர்னிங் சேர்" ன்னு பல்லைக் காட்டுவா. உள்ளுக்குள்ள, 'ஒன் வண்டவாளம் தண்டவாளத்துல ஏறாமலா போயிரும்' னு கறுவுவா. அவனோ சொன்ன வார்த்தைய அன்னைக்கே மறந்துட்டான். அவளுக்குத்தான் அது சோத்துல கடிபட்ட கல்லு மாதிரி, வாயத் தொறக்கையில எல்லாம் வலிச்சுச்சு.

ரவிகுமார் புது ஜீப் ஒண்ணு எடுத்தான். அறை முழுக்கப் படத்தைக் காட்டித் திரிஞ்சான். குப்பைத் திட்டத்தோட ரெண்டாம் கட்டத்தைத் தொறக்குற விழா வெள்ளிக்கெழமை காலைல. கொழும்புலருந்து பெரிய ஆளுங்களும் பத்திரிகைக்காரங்களும் வர்றாங்க. ஜீப்புக்குப் பூசையப் போட்டுட்டு அப்பிடியே அதுல போய் விழாவுல எறங்கணும்னு அவனுக்கு ஆசை. மொத நாள் கஜலட்சுமி மேசைப் பக்கம் வந்து கொரலைத் தாழ்த்திக்கிட்டான்.

"கஜா, நாளைக்கிக் காலைல முச்சந்திக் கேமராவைக் கொஞ்சம் சர்விஸ்ல போட்டு நிப்பாட்டிருங்க. வயர் ஏதோ லூஸ் போல கெடக்கு."

வயரா லூஸு? அவளுக்கு ஒடனே வெளங்கிருச்சு. கோயில்ல பூசை வச்ச புது வண்டிக்கு முச்சந்தியில நீத்துப்பூசணி ஒடைக்காம இந்த டவுன்ல எந்தத் தமிழன் வண்டியெடுத்தான்? அதுவும் கோயிலுக்குப் பக்கத்து முச்சந்தியிலதான் ஒடைக்கணும், வேற எடத்துல ஒடைச்சா கழியாதுன்னு ஒரு நம்பிக்கை. படிச்சு என்ன, பதவி என்ன, அவனாலயும் அதை விட ஏலல.

"சரி சேர்" ன்னா கஜலட்சுமி. சாமியே கண்ணைத் தொறந்துருச்சுன்னு நெனைச்சுக்கிட்டா.

கேமராவை அவ தொடவே இல்ல. மறுநாள் காலைல மாலை போட்ட ஜீப் முச்சந்தியில வந்து நின்னுச்சு. சக்கரத்துக்கு அடியில தேசிக்காய் வச்சாங்க. ரவிகுமார் எறங்கி, கற்பூரம் எரியிற நீத்துப்பூசணியத் தூக்கி வண்டியச் சுத்துனான், சுத்திட்டு ஓங்கி ஒரே போடு. குங்குமத் தண்ணி ரோடு முழுக்கச் செவப்பாத் தெறிச்சுச்சு. ஜீப் தேசிக்காயை நசுக்கிக்கிட்டு விழாவுக்குப் பறந்துச்சு. அவ முன்னால செவப்புப் பெட்டி ஒண்ணு எந்திரிச்சுச்சு: குப்பை கொட்டல். உறுதி. நிராகரி. கோயில் மணிய அடிக்கிற மாதிரி அமத்துனா உறுதிய.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்கிட்ட மேடையில ரவிகுமார் அந்நேரம் மைக்கைப் புடிச்சுக்கிட்டு நின்னான். "இந்தத் திட்டத்துக்கு முன்னால பெரியவன் சின்னவன் கெடையாது. யாரா இருந்தாலும் திரை காட்டும். யாரா இருந்தாலும் கூட்டணும்" ன்னு முழங்குறான். பின்னால திரையில அவனேதான், வாயப் பொளந்துக்கிட்டு, தலைக்கு மேல நீத்துப்பூசணியோட. சனம் சிரிக்குது. தன் பேச்சுக்குத்தான் இந்த வரவேற்புன்னு நெனைச்சு அவன் இன்னும் கொஞ்சம் பேசுனான். கொழும்பு ஆள் ஒருத்தர் தோளைத் தொட்டுத் திரையைக் காட்டினப்பதான் மைக் கையிலருந்து நழுவுச்சு.

சந்தனம் வேர்வையில கரைஞ்சு வழிய அவன் அறைக்கு ஓடி வந்தான்.

"கஜா! கேமராவை சர்விஸ்ல போடச் சொன்னேனே!"

"வாயால சொன்னா சிஸ்டத்துக்கு விளங்காது சேர். சர்விஸ்ல போடணும்னா ஒங்க பேருல பதியணும், அதுவும் நீங்க எழுதுன விதிதான். இப்ப பதிவோமா? காரணம் என்னன்னு போட?"

"அது குப்பை இல்லன்னு ஒனக்குத் தெரியாதா? திருஷ்டி!"

"எனக்குத் தெரியும் சேர். சிஸ்டத்துக்குத் தெரியாதே."

அவன் மொகம் செத்துப்போச்சு. அப்பத்தான் அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்துச்சு. கஜலட்சுமி எந்திரிக்கவே இல்ல, கதிரையில இன்னும் நல்லாச் சாஞ்சுக்கிட்டா.

"ஒரு காலைப் பொழுதுதானே சேர். பழகிக்கலாம்."

இந்தத் தடவை அறையில யாரும் சத்தமாச் சிரிக்கல. ஆனா அவளுக்கு அடிவயிறு வரைக்கும் ஐஸ்தண்ணி எறங்குன மாதிரி இருந்துச்சு, அம்புட்டுச் சந்தோசம்.

மேடையில அவன் சொன்ன சொல்லு பத்திரிகையில வந்துருச்சு, படமும் வந்துருச்சு. கூட்டாம தப்ப ஏலாதுன்னு கம்பெனியே சொல்லிருச்சு. அடுத்த வெள்ளிக்கெழமை ரவிகுமார் ஆரஞ்சு மேலங்கியோட முச்சந்தியில நின்னான். அன்னலட்சுமி தேஞ்ச வெளக்கமாத்தைக் கொண்டாந்து ரெண்டு கையாலயும் மரியாதையா நீட்டுனா. "குனிஞ்சு கூட்டுங்க சேர். இன்னும் குனியணும்." சுத்தி நின்ன சனம் போனைத் தூக்கிப் படம் புடிச்சுச்சு.

கஜலட்சுமி அறையிலருந்து வீட்டுக்குப் போன் போட்டா. "அப்பா, அவன் கூட்டுறான். படம் அனுப்புறேன், பாருங்க." செல்லச்சாமி பாதியிலயே போனை வச்சுட்டாரு. இவருக்காகத்தானே இவ்வளவும், இவரே பாக்கலன்னா என்ன பிரயோசனம்?

கொஞ்ச நேரத்துல முச்சந்திக் கேமராவுல சனம் வெலகி வழி விட்டுச்சு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெத்தி நெறைய திருநீறு, கையில கற்பூரம் எரியிற நீத்துப்பூசணி. செல்லச்சாமி வந்துக்கிட்டு இருந்தாரு. "ஐயோ அப்பா, வேணாம்" ன்னு கஜலட்சுமி திரையைப் பாத்துக் கத்திட்டா. கேமராவுக்குச் சத்தம் கேக்காது. அவரு என்ன சொன்னாருன்னு அன்னலட்சுமிதான் பொறகு சொன்னா.

"கடைய இன்னைக்கித்தான் திரும்பத் தொறக்குறேன் தம்பி. திருஷ்டி கழிக்காம ஏலுமா?"

சொல்லிட்டு, ரவிகுமார் அப்பத்தான் கூட்டி முடிச்ச எடத்துலயே ஓங்கி ஒடைச்சாரு. குங்குமத் தண்ணி அவன் காச்சட்டை முழுக்க அடிச்சுச்சு. "கூட்டுங்க" ன்னாரு. அன்னைக்கித் தலை நிமுத்தாத மனுசன் இன்னைக்கி நிமுந்து, கேமராவுக்கு நேரா மொகத்தைக் குடுத்துக்கிட்டு அசையாம நின்னாரு.

கஜலட்சுமி முன்னால செவப்புப் பெட்டி வந்துச்சு. உறுதி. நிராகரி. நிராகரிய அமத்துனா ஒருத்தருக்கும் தெரியாது, அதுதான் நியாயமுங்கூட. அவ விரலும் அதுமேலதான் போச்சு. அப்பத்தான் படத்தை நல்லாப் பாத்தா. முன்னால அப்பா, நெஞ்சை நிமுத்திக்கிட்டு. அவருக்குப் பின்னால, அதே படத்துல, முதுகை முழுசா மடிச்சு ரவிகுமார் அந்தச் செவப்புத் தண்ணியக் கூட்டிக்கிட்டு இருக்கான். அப்பா ஏன் அங்கயே நிக்கிறாருன்னு அவளுக்கு வெளங்கிருச்சு. கண்ணைத் தொடைச்சுக்கிட்டு உறுதிய அமத்துனா.

கூட்டி முடிச்சதால ரவிகுமாரோட மொகம் அன்னைக்கே திரையிலருந்து போயிருச்சு. செல்லச்சாமி படம் போகல. அவரு வந்து கூட்டினாத்தான் போகும், அதுதான் விதி. அது போகாத வரைக்கும் அதுல பின்னால குனிஞ்சு நிக்கிறவனும் போகமாட்டான். தெனம் கடையத் தொறக்க முந்தி செல்லச்சாமி திரைக்கு எதுத்தாப்புல நின்னு ஒரு பிளேன்டீ குடிக்கிறாரு.

ஒரே ஒரு காலை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லி ரவிகுமார் ஆள் மேல ஆள் அனுப்பிக்கிட்டு இருக்கான். செல்லச்சாமி எல்லாருக்கும் தேசிக்காய்க் கூடைய அடுக்கிக்கிட்டே ஒரு பதிலைத்தான் சொல்லி அனுப்புறாரு.

"எங்க ஆளுங்களுக்கு அந்த வேலை பழக்கம் விட்டுப்போச்சுன்னு சொல்லுங்க."