நாலாவது கதவின் கைப்பிடி

வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் தன்னுடைய இடது கால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள் பத்மஜா. வலது கிடைத்துவிட்டது. இடதை யாரோ மிதித்து மிதித்து மாடிப்படியில் இரண்டு படி கீழே தள்ளியிருந்தார்கள். கூடத்தில் அப்பாவைக் கிடத்தி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் பெற்ற பெண் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? எங்கே போகிறாய் என்று காமு அத்தை கேட்டாள். மூன்று மணிக்குள் வந்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னாள் பத்மஜா. தம்பி ஜெய்ராம் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தான். அவளுடைய பையைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

பைக்குள் இருந்தது ஒரு பழைய காரின் கதவுக் கைப்பிடி. அப்பாவுக்கு யார் கொள்ளி வைப்பது என்பதை இனி அதுதான் சொல்லவேண்டும். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அப்பா வெங்கடநாராயணன் வீட்டில் இது சிரிக்கிற விஷயம் இல்லை.

கிடர்பூர் துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் கஸ்டம்ஸ் அப்ரைசராக இருந்தவர் அவர். கப்பலில் வந்து இறங்கும் பெட்டியைத் திறந்து, இது எந்த நாட்டுச் சரக்கு, காகிதத்தில் எழுதியிருப்பது நிஜமா பொய்யா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதுதான் உத்தியோகம். அதிலும் மோட்டார் சாமான் என்றால் பார்க்கக்கூட வேண்டாம், தடவினால் போதும். ரிடையரான பிறகும் அது விடவில்லை. மல்லிக் பஜாரின் பழைய கார் வியாபாரிகள் சந்தேகமான சாமானையெல்லாம் காகிதத்தில் சுற்றி, லேக் மார்க்கெட் பக்கத்தில் அவருடைய இரண்டாம் மாடி வீட்டுக்கு அனுப்புவார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ரகம்தான் மனுஷர். ஆனால் போய் எண்ணிப் பார்த்தால் மூன்று கால்தான் இருக்கும். ஒரு தடவைகூட அவர் சொன்னது பிசகியதில்லை. பெண்ணை ஒரு தடவைகூட மெச்சியதும் இல்லை.

பக்கவாதம் வந்த மூன்று வாரமாகப் பேச்சு ஏறக்குறைய நின்றுவிட்டது. பேங்க்குக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்த பத்மஜா ஒன்றைக் கண்டுபிடித்தாள். நன்றாக இருந்த வலது கையில் ஏதாவது ஒரு கார் சாமானைக் கொடுத்தால் அவர் வாய் அசையும். ஜெர்மனி என்பார். ஜப்பான் என்பார். அந்த ஒரு சொல்லுக்காக நாள் விட்டு நாள் மல்லிக் பஜாருக்கு ஓடினாள். இந்தக் கைப்பிடியை நேற்று மக்பூல் மியான் கடையிலிருந்து வாங்கி வந்திருந்தாள். எண் எதுவும் காணோம், அடிப்பக்கம் கரடுமுரடு, ஹவுரா பட்டறையில் வார்த்த நகலாகத்தான் இருக்கும் என்று மியானே சொல்லிக் கொடுத்தார். அதை அவள் வீட்டுக்கு வந்தும் சொன்னாள்.

இன்று காலை ஆறரைக்கு அதை அப்பாவின் கையில் வைத்தாள். ஜெய்ராம் அவருக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தான். அப்பா கைப்பிடியை ரொம்ப நேரம் தடவினார். திருகு போகிற துளைக்குள் சுண்டுவிரல் நகத்தை விட்டுச் சுற்றினார். இங்கிலாந்து என்றார். பிறகு, மூன்று வாரமாக இல்லாத ஒரு பார்வையோடு பத்மஜாவைப் பார்த்தார்.

"கொள்ளி நீ வை. அம்மாவுக்கு வராதவன் எனக்கு வேண்டாம்."

அவ்வளவுதான். ஒன்பதே முக்காலுக்கு மூச்சு நின்றது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அம்மா போனபோது ஜெய்ராம் அமெரிக்காவில் ஏதோ விசா காகிதத்தில் மாட்டிக்கொண்டு வரவில்லை. அப்பாவே எல்லாம் செய்தார். அதைப் பற்றி மகனிடம் அவர் ஒரு வார்த்தை பேசினதில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை. இந்தத் தடவை சேதி தெரிந்த மறுநாளே விமானம் ஏறி வந்து, பதினெட்டு நாளாக முகம் சுளிக்காமல் மலஜலம் எடுத்தவன் அவன்தான். அவன் காதுபடத்தான் அப்பா அதைச் சொன்னார்.

வாஞ்சிநாத சாஸ்திரிகள் வந்ததும் கொள்ளி வைக்கிற கர்த்தா யாரென்று கேட்டார். பத்மஜா விஷயத்தைச் சொன்னாள். பிள்ளை இருக்கும்போது பெண் செய்கிற வழக்கமில்லையே என்று இழுத்தார் சாஸ்திரிகள். போகிறவரே வாயால் சொல்லியிருந்தால் யோசிக்கலாம், ஆனால் நினைவோடுதான் சொன்னாரா என்று கேட்டார். அப்போதுதான் ஜெய்ராம் வாயைத் திறந்தான். அதே மூச்சில் ஹவுரா நகலை இங்கிலாந்து என்று சொன்னார்; அப்பா நினைவோடு இருந்திருந்தால் அப்படிச் சொல்வாரா என்றான். கூடத்தில் இருந்த எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. கடைசி நேரத்துப் பிதற்றலையெல்லாம் எடுத்துக்கொண்டு கூடப்பிறந்தவனை ஒதுக்குவாயா என்றாள் அத்தை. நாலு மணிக்கு வண்டி வரும், மூன்றுக்குள் ஒரு முடிவு சொல்லுங்கள் என்றார் சாஸ்திரிகள். பத்மஜா எழுந்து போய்ப் பையை எடுத்தாள்.

டாக்ஸியில் அவளால் சாய்ந்து உட்கார முடியவில்லை. முன்சீட்டைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அத்தையிடமிருந்து மூன்று தடவை போன் வந்தது, எடுக்கவில்லை. நீ வை, நீ வை என்று மனசு அதையே அரற்றிக்கொண்டிருந்தது. கல்யாணம் வேண்டாம் என்று நின்றவள் இல்லை அவள். வந்த இரண்டு வரனையும் அப்பா ஜாதகத்தில் குற்றம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார். பிறகு அம்மாவுக்கு முடியாமல் போயிற்று, பிறகு அப்பாவுக்கு வயசாயிற்று, அவளுக்கு ஐம்பத்திரண்டு ஆகிவிட்டது. ரசத்தில் உப்பு குறைந்தால் சொல்வார். சரியாக இருந்தால் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். அப்படிப்பட்டவர் கடைசியில் நீ வை என்றார். அந்த நிமிஷம் அவளுக்குள் சந்தோஷம் பொங்கியது நிஜம். அப்பன் செத்துக்கொண்டிருக்கும்போது இப்படியும் ஒரு சந்தோஷமா என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் கைப்பிடி ஹவுரா என்று ஆகிவிட்டால் அந்தச் சொல்லும் பிதற்றல்தான். ஆயுசு முழுக்க அவளுக்கென்று அவர் சொன்னது ஒன்றுமே இல்லாமல் போய்விடும். பெக்பாகானில் வண்டிகள் நகராமல் நின்றதும் பாதியில் இறங்கி வெயிலில் நடந்தாள்.

மக்பூல் மியான் செய்தியைக் கேட்டு எழுந்து நின்றார். உள்ளங்கைகளை விரித்து ஏதோ முணுமுணுத்தார், கடை ஷட்டரைப் பாதி இறக்கினார், அவளுக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவள் உட்காரவில்லை. ஹிந்தியும் வங்காளியும் கலந்து எல்லாவற்றையும் நின்றபடி கொட்டினாள். தகப்பனைக் கூடத்தில் போட்டுவிட்டு இதற்காகவா ஓடி வந்தாய் என்கிற மாதிரி முதலில் பார்த்தார் மியான். முழுவதும் கேட்ட பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவளைக் கடைக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் அழைத்துப்போனார்.

அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது அந்தக் கார். யுத்தத்துக்கு முந்திய வண்டி, தேயிலைத் தோட்டத்துத் துரை யாரோ வைத்திருந்தது. மூன்று கதவுகளில் அது பிறந்தபோது இருந்த கைப்பிடியே இருந்தது. நாலாவது கதவில் வெறும் ஓட்டை. அதற்காகத்தான் இந்தக் கைப்பிடியைத் தேடிப் பிடித்திருந்தார்கள். மியான் விளக்கினார். நகல் எடுக்கிறவன் ஒரிஜினலை மணலில் பதித்து, அந்தப் பள்ளத்தில் பித்தளையை உருக்கி ஊற்றுவான். ஆறும்போது பித்தளை சுருங்கும். அதனால் நகல் எப்போதும் ஒரிஜினலைவிட அரை நூல் குட்டையாக இருக்கும். கண்ணுக்குப் பிடிபடாது, அளந்தால் பிடிபடும். நேற்றே அளந்திருக்கலாம், பார்த்தவுடன் நகல் என்று முடிவு கட்டிவிட்டதால் அளக்கவில்லை என்றார்.

கதவில் இருந்த கைப்பிடியின் இரண்டு நுனிக்கும் வெர்னியர் அளவுகோலை வைத்துத் திருகை இறுக்கினார். பிறகு அதை அப்படியே அப்பா தடவிய கைப்பிடிக்குக் கொண்டுவந்தார். பத்மஜா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது மியான் இரண்டாவது கதவுக்குப் போய் அளந்துகொண்டிருந்தார், பிறகு மூன்றாவதுக்கு. மயிரிழைகூட வித்தியாசமில்லை. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அடிப்பக்கத்தைத் தேய்த்து, கத்தி முனையால் சுரண்டினார். கரடுமுரடு என்று அவர் நினைத்தது காய்ந்து போன பழைய பெயின்ட். அதற்கடியில் கூர்மையாகக் குத்திய ஐந்து எண்கள் இருந்தன. மற்ற மூன்று கைப்பிடிகளிலும் அதே எண்கள்தான்.

"நாற்பது வருஷமா இதே தொழில்ல இருக்கேன். நான் சொன்னதுதான் தப்பு. ஸாஹிப் சொன்னது சரி" என்றார் மியான் ஹிந்தியில்.

நாலாவது கதவின் ஓட்டையில் கைப்பிடியைச் செருகித் திருப்பிப் பார்த்தார். சத்தமில்லாமல் கதவு திறந்தது. பத்மஜா காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து அவள் அழுதிருக்கவில்லை. மியான் தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அழுது முடித்ததும், கைப்பிடி இனி அந்தக் கதவிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு டாக்ஸி தேடி ஓடினாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் வாக்கியங்களைச் சேர்த்துக்கொண்டே வந்தாள். சாஸ்திரிகளிடம் முதலில் எதைச் சொல்வது, அத்தை குறுக்கே பேசினால் என்ன சொல்வது, மியானை வேண்டுமானால் போனில் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று எப்போது சொல்வது. மூன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது வீட்டு வாசலில் இறங்கினாள். மாடிப்படியில் முதல் மாடி வங்காளி பௌதி தேநீர் பிளாஸ்க்கோடு மேலே போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றிருந்தான் ஜெய்ராம். அக்காவுக்காகவே இறங்கி வந்து காத்திருந்தான் போலிருக்கிறது. பௌதி மாடி திரும்பியதும் ஒரு படி கீழே இறங்கினான்.

"இங்கிலாந்துன்னா நீயே பண்ணுக்கா. நான் நகந்துக்கறேன்" என்றான். மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "என்னை வேண்டாம்னு அப்பா தெரிஞ்சேதான் சொன்னாரா?"

பத்மஜாவுக்குச் சேர்த்து வைத்த வாக்கியமெல்லாம் கலைந்துபோயிற்று. போகும்போதும் வரும்போதும் இது அவளுக்கு உறைக்கவே இல்லையே! நீ வை என்று அவளுக்குச் சொன்ன அதே வாயால், அதே நிமிஷத்தில்தான் அவன் வேண்டாம் என்றார். ஒன்று நிஜம் என்றால் மற்றதும் நிஜம். பதிமூன்றாம் நாள் முடிந்து இவன் அதைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறவேண்டும். அப்பா இனிமேல் எதையும் மாற்றிச் சொல்லப்போவதில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்தாள். நாற்பத்தெட்டு வயசு, நரைத்த இரண்டு நாள் தாடி. அவனுடைய சட்டையில் காலையில் அப்பாவுக்கு ஊட்டிய கஞ்சி காய்ந்து ஒட்டியிருந்தது.

"ஹவுராதான்டா" என்றாள். "மியான் அளந்து பாத்தார். அரை நூல் குட்டை."

ஜெய்ராம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் பக்கத்தில் நின்றாள். கொஞ்சம் தணிந்ததும் அவன் எழுந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவளைச் சமாதானப்படுத்த ஆரம்பித்தான்.

"எண்பத்தொரு வயசுக்கா. கடைசியா ஒண்ணே ஒண்ணு தப்பாயிடுத்து. அதனால அப்பா பேருக்கு என்ன குறைச்சல்? நீ மனசுல வெச்சுக்காதே."

வெச்சுக்கலைடா என்றாள் பத்மஜா.

கூடத்திலும் அவளே சொன்னாள். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், சாஸ்திரிகளைப் பார்த்துச் சொன்னாள். நான்தான் சொன்னேனே என்றாள் அத்தை. சாஸ்திரிகள் ஜெய்ராமைக் குளிக்க அனுப்பினார். அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. மந்திரம் சொல்லி முடித்து, வாய்க்கரிசி போட்டு, கீழே வண்டி வந்து ஹார்ன் அடித்து, நாலு பேர் தூக்கத் தயாரானார்கள். பத்மஜா சுவரோரமாக நின்று, தன் முறை வந்தபோது அரிசியைப் போட்டாள்.

அமெரிக்காவில் இருபது வருஷம் பேன்ட்டே போட்டவனுக்கு ஈர வேஷ்டி இடுப்பில் நிற்கவில்லை. ஒரு கையில் நெருப்புச் சட்டி, மறு கையில் நழுவுகிற வேஷ்டி, வாசற்படியில் நின்று திணறினான் ஜெய்ராம். மடியாக இருக்கிறான், யாரும் தொடாதேங்கோ என்று அத்தை சொல்லிக்கொண்டிருக்கும்போதே பத்மஜா போய், வேஷ்டியை இழுத்து இறுக்கி, இரண்டு சுருட்டுச் சுருட்டி இடுப்பில் அழுத்திச் செருகினாள். சாஸ்திரிகள் பார்க்காதவர் போலத் தர்ப்பைக் கட்டைப் பிரித்து எண்ண ஆரம்பித்தார்.

"ம், போ" என்றாள்.

அவன் சட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து இறங்கினான்.