தங்கையின் கைக்கு எட்டும் இடம்

பட்டனை எங்கே வைப்பது என்று கேட்டேன். தங்கை டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கையை நீட்டிப் பார்த்து, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைத் தொட்டாள். அங்கே துளை போட்டேன். மாப்பிள்ளையின் கைக்கென்றால் இன்னும் ஒரு சாண் தள்ளிப் போட்டிருப்பேன். அவர் கீழே நின்று இடது கையால் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். வலது கையில் விரல் நுனிவரை கட்டு. கன்னத்தில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக மினுங்கியது.

பழைய சின்ன டீசல் லாரி. குளிர்காலத்தில் இஞ்சினுக்குள் இருக்கும் ஹீட்டர் பிளக்குகள் சூடானால்தான் கிளம்பும். அவற்றுக்குக் கரண்ட் அனுப்புகிற ரிலே ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் மக்கர் பண்ணும். பட்டனை அமுக்கினால் வேலை செய்கிற மாதிரி வேறு ரிலே வைத்துத் தரச் சொல்லி மாப்பிள்ளை என் பட்டறைக்கு மூன்று தடவை வந்தார். அரை நாள் வேலை. "கடையில இன்னும் சாமான் வரல மாப்பிள்ளை" என்றேன், மூன்று தடவையும். ரிலே என் அலமாரியில்தான் இருந்தது.

ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டால் வெளியே சொல்லும்படி ஒன்றுமில்லை. ஏழு வருஷத்துக்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தங்கை அவரைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் பேச்சு வந்தது, போக்குவரத்து வந்தது. ஆனாலும் அந்த மனிதர் வாசலில் கைகட்டி நின்று, அடுத்தவன் வண்டியை நான் முடிக்கும்வரை காத்திருப்பதைப் பார்க்க உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. மூன்றாம் தடவை, "அதுவரைக்கும் இஞ்சினோட காத்துக் குழாயில ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிச்சு ஓட்டுங்க" என்று வேறு சொல்லி அனுப்பினேன். சட்டென்று தீப்பிடிக்கிற சாமான் அது; ஹீட்டர் வயரைக் கழற்றிவிட்டு அடியுங்கள் என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். தொழில் தெரிந்த எவனும் சொல்வான். நான் குனிந்து வேறு வேலையில் தலையை விட்டுக்கொண்டேன்.

அவர் அடித்த அன்று பார்த்துப் பழைய ரிலே வேலை செய்தது. அடித்த ஸ்ப்ரே சூடான பிளக்கில் பற்றி, தீ அவர் மேலேயே திரும்பியது. கண் தப்பியது. விரல்கள் இனி முழுதாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லாரிதான் அவர்கள் பிழைப்பு. ஒரு மாதம் ஓட்டிப் பழகி லைசென்ஸ் வாங்கிய தங்கைக்கு இன்றுதான் முதல் லோடு.

பேட்டரியிலிருந்து தடித்த வயரை ஃபியூஸ் வழியாக ரிலேக்குக் கொண்டுவந்தேன். அங்கிருந்து பிளக்குகளுக்கு இன்னொன்று. மெல்லிய வயர்களில் ஒன்று எர்த், மற்றது பட்டனுக்கு. தங்கை லைசென்ஸை எடுத்துவர வீட்டுக்குள் போனாள்.

"மாப்பிள்ளை, இந்த ரிலே வந்து..."

"தெரியும் மச்சான்."

"என்ன தெரியும்?"

"ரெண்டாவது தடவை வந்தப்பவே அலமாரியில பாத்தேன். பெட்டி மேல என் வண்டி நம்பரை எழுதி வெச்சிருந்தீங்க."

"பாத்துட்டு ஏன் கேக்கல?"

"கேட்டா வார்த்தை வளரும். அவ இப்பதான் அண்ணன் வீடு அண்ணன் வீடுன்னு வந்துபோறா. நான் எதுக்குக் கெடுக்கணும்?" டார்ச்சைச் சற்றுத் தாழ்த்தினார். "அவகிட்ட சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க."

ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். மீதித் திருகுகளை முடுக்கினேன். ஒரு திருகு இரண்டு தடவை நழுவி விழுந்தது. இரண்டு தடவையும் அவர்தான் வெளிச்சம் காட்டினார்.

"ரெண்டு பேரும் என்ன ரகசியம்? நான் ஓட்டுற லட்சணத்தைப் பத்தியா?" என்றபடி தங்கை வந்து ஏறினாள்.

"பதினஞ்சு எண்ணுற வரைக்கும் அமுக்கு. அப்புறம் சாவியைத் திருப்பு" என்றேன்.

வாய்விட்டு எண்ணினாள். சாவியைத் திருப்பியதும் ஒரே முட்டில் இஞ்சின் பிடித்தது. அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"அந்தக் கடைக்காரன் நல்லா இருப்பானா அண்ணே? அப்பவே சாமானைக் குடுத்துத் தொலைச்சிருந்தா இவர் கை..."

மாப்பிள்ளை அவசரமாக, "நேரமாச்சு, கிளம்பு" என்றார். நான் கைகொடுக்கப் போனேன். அதற்குள் அவரே எம்பி ஏறிவிட்டார்.

லாரி மெல்ல நகர்ந்தது. தெருமுனையில், ஆளே இல்லாத சாலையை இருபுறமும் பார்த்தபடி வெகுநேரம் நின்றது. பிறகு, ரொம்ப அகலமாக வளைந்து திரும்பியது.