இளைஞர் தலைவருக்கு வயதாகவில்லை

அண்ணனுக்கு முப்பத்தைந்து முடியப்போகிற சமயத்தில்தான், முப்பத்தைந்தெல்லாம் ஒரு வயதே இல்லை என்று அவனுக்குத் தோன்றியது.

அவன் தெரு இளைஞர்களின் சுகாதார இயக்கத்துக்குத் தலைவன். முப்பத்தைந்தைத் தாண்டியவர் யாரும் பொறுப்பில் இருக்கக் கூடாது என்று சட்டதிட்டம் எழுதியவனும் அவனே. எழுதும்போது மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. முப்பத்தைந்து என்றால் பாதிக் கிழவன் என்று நினைத்திருந்தான்.

சிரிப்பதா, காறித் துப்புவதா என்று தங்கைக்குத் தெரியவில்லை. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், இயக்கத்தில் முதலிலிருந்தே இருப்பவள். தெருமுனைத் தையல்காரர் ஒருநாள் மெஷின் மேலேயே சாய்ந்து செத்துப்போனார். அவருக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது பெண்டாட்டிக்கே தெரியாது. அந்த அதிர்ச்சியில் நாலைந்து பேர் கைக்காசு போட்டு ஒரு பிரஷர் கருவி வாங்கி, சலூன் வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தார்கள். சவரத்துக்கு வந்தவர்கள் சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார்கள். அப்போது அண்ணன் வீடு வீடாக ஏறி இறங்கினான். மாத்திரையை நிறுத்திவிட்ட பெரியவர்களோடு மல்லுக்கு நின்றான். அதை அவள் என்றைக்கும் மறுத்ததில்லை.

அப்புறம் இயக்கம் வளர்ந்தது. பெஞ்சு போய் அறை வந்தது, அறை போய் மாடிக் கட்டடம் வந்தது. வேன் வந்தது, அதன் நாலு பக்கமும் அண்ணன் சிரித்தான். "மக்களிடம் செல்வோம்" என்று ஏசி ஓட்டலில் உட்கார்ந்து மூன்று நாள் விவாதித்தார்கள். மக்களில் ஒருத்தரைக்கூடக் கூப்பிடவில்லை. வேன் தெருவுக்குப் போனதைவிட விருந்தாளிகளை ஏற்றிவர விமான நிலையத்துக்குப் போனதே அதிகம். கருவியும் கையுமாக வெயிலில் அலைந்தது தங்கையும், நர்சிங் படிக்கிற ஒரு பெண்ணும், புதிதாகச் சேர்ந்த சில பிள்ளைகளும்தான்.

பொதுக்குழு கூடியது. கையில் கிடைத்தால் விடமாட்டான் என்பதால் 'மைக்' என்று பெயர் வாங்கியவன் எழுந்து, வயது வரம்பை நாற்பத்தைந்தாக உயர்த்தச் சொல்லித் தீர்மானம் படித்தான்.

"இளமைங்கறது வயசுல இல்லீங்க, மனசுல இருக்கு!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அண்ணன் அடக்கமாகத் தலைகுனிந்தான். அந்த அடக்கத்துக்குக் காலையில் கண்ணாடி முன்னால் ஒத்திகை நடந்ததைத் தங்கை பார்த்திருந்தாள். அவள் எழுந்தாள்.

"மனசுலதான்னா கவலையே இல்ல. எங்கப்பாவுக்கும் பச்சப்புள்ள மனசு. அவரையே தலைவராக்கிடலாமே?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"வீட்டுச் சண்டைய இங்க கொண்டு வராத," அண்ணன் பல்லைக் கடித்தான்.

"வீட்ல நீ எங்க இருக்க, சண்ட போட? கடைசியா எப்பண்ணா ஒருத்தர் கையப் புடிச்சு பிரஷர் பாத்த?"

"நான் உங்கள வழிநடத்தறேன்."

"நடக்கறதே இல்ல. இதுல வழிநடத்தறியாக்கும்! கையத் தூக்கச் சொன்னா எல்லாரும் உன் மூஞ்சியப் பாத்துத் தூக்குவாங்க. சீட்டு எழுதிப் போடட்டும்."

கைதட்டல் இன்னும் காதில் இனித்துக்கொண்டிருந்ததால் அண்ணன் பெருந்தன்மையோடு தலையாட்டினான்.

நர்சிங் பெண் சீட்டுகளை எண்ணினாள். தீர்மானத்துக்கு ஆதரவாக ஒரே ஒரு சீட்டு. அது யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அண்ணன் மைக்கைத் திரும்பிப் பார்த்தான். மைக் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தங்கைக்கு மனசு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. உள்ளங்கை சிவக்கத் தட்டிவிட்டு அதே கையால் கவிழ்த்தவர்களைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. அண்ணன் முகமோ பரீட்சையில் கோட்டைவிட்ட பையன் முகம்போல் சுருங்கியிருந்தது. பாவம் என்றுகூட ஒரு கணம் நினைத்துவிட்டாள்.

அதற்குள் அவன் தொண்டையைச் செருமினான். "அப்ப... நிரந்தர ஆலோசகர்னு ஒரு பதவி உண்டாக்கலாமே?"

பாவம் பறந்துபோனது. பதவியை மட்டும் கொடுத்துவிட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு நாற்காலியும் போட்டார்கள்.

நர்சிங் பெண் தலைவியானாள். வேனிலிருந்த படங்களைச் சுரண்டச் சொன்னாள்; நாலு பக்கமும் போய்விட்டது, ஒரு பக்கத்தில் மூக்கு மட்டும் வரமாட்டேன் என்றது. செங்கல் சூளை ஆட்களுக்கு விடுமுறை ஞாயிறு என்பதால், ஞாயிறுதோறும் வேன் அங்கே போக வேண்டும் என்றாள். தனக்கும் அது ஒன்றுதான் விடுமுறை என்று தங்கை முணுமுணுத்தாள். ஆனாலும் போனாள்.

அப்படி ஒரு ஞாயிறு காலை அவள் கிளம்பிக்கொண்டிருந்தபோது, அண்ணன் போனையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"ஆலோசனை கேட்டு ஒருத்தன்கூடக் கூப்புடலையே!"

"குளியலறைக் குழாய் ஒழுகுதுங்க," என்றாள் அண்ணி சமையலறையிலிருந்து. "அதுக்கு ஒரு ஆலோசனை சொல்லுங்களேன்."

தங்கை சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சூளைல ஆள் பத்தலண்ணா. வர்றியா? பிரஷர் பாக்க மறந்திருக்க மாட்ட."

"நான் ஆலோசகர்."

"சரி, இரு."

வாசலில் ஹாரன் அடித்தது. அவள் பையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். வேன் முனை திரும்புகிறவரை ஜன்னலில் நின்ற அண்ணன், பிறகு ஸ்பேனரைத் தேடப் போனான்.