இந்த வருசம் பேர் வாசிக்கவில்லை

ஊர்காவற்றுறை வேதக் கோயிலில் பூசை தொடங்குமுன் சுவாமி வாசித்த செத்தவர்களின் பேர்களில் றஞ்சனியின் புருசன் அமலதாசின் பேர் இல்லை. வேலணை றோட்டில் ஏதோ ஒரு வாகனம் அவரை அடித்துப் போட்டு, நிற்காமல் போய் அன்றோடு இருபது வருசம். அடித்தவனைக் கோட்டுக் கூண்டில் ஏற்றவேண்டும் என்று அவள் ஏறி இறங்காத பொலிஸ் படியில்லை. இருபது வருசம் போனால் பிறகு வழக்கே போடமுடியாதாம். சட்டத்தின் ஞாபகம் அவ்வளவுதான்.

ஆண்டுப் பூசையைப் பிரான்சில் இருக்கும் தங்கச்சி மாக்கிறேற்தான் ஒப்புக்கொடுக்கிறாள் என்றே றஞ்சனி இத்தனை காலமும் நினைத்திருந்தாள். வெளிநாட்டுச் சொந்தங்கள் செத்தவர்களுக்குப் பூசை சொல்வது வழக்கம். கூடப்பிறந்தவளுக்கு அதற்கெல்லாம் நன்றி சொல்லி யார் கதைக்கிறார்கள்? கோயில் வாசலிலேயே போன் எடுத்தாள்.

“என்ன பிள்ளை, இந்தமுறை பூசையை மறந்துபோனியோ?”

“நானோ? நான் ஒருநாளும் குடுக்கேல்லையே அக்கா. நீங்கள்தான் குடுக்கிறனீங்கள் எண்டெல்லோ நினைச்சனான்.”

திரும்பிப் போய்ச் சுவாமியைக் கேட்டாள்.

“யாக்கோப்புதான் வருசாவருசம் வந்து சொல்லுறவர். நீங்கள் சொல்லிவிட்டதெண்டு சொன்னவர்” என்றார் சுவாமி.

யாக்கோப்பு அடுத்த வீட்டு வளவுக்காரர், மீன் ஏற்றும் வான் வைத்திருப்பவர். அமலதாசின் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் ஒருவர். பாவி மனுசன், ஒருவருக்கும் சொல்லாமல் இத்தனை வருசமும் பூசை குடுக்க எப்படித்தான் மனம் வந்ததோ!

வானைக் கழுவிக்கொண்டு நின்ற மனுசன் அவளைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்தார்.

“ஏன் அண்ணை இந்தமுறை பூசை சொல்லேல்லை?”

“நேற்றோட காலம் முடிஞ்சுது, றஞ்சனி. லோயரிட்டைக் கேட்டனான். இனி என்னிலை வழக்குப் போடேலாதாம். உமக்குச் சொல்லுற பயத்திலைதான் பூசை குடுத்தனான். இனி உம்மட்டை நேரிலை சொல்லலாமெண்டு இருந்தனான்.”

கோட்டில் கேட்பதற்கென்று சேர்த்து வைத்திருந்த கேள்விகளில் ஒன்றுதான் அவள் வாயில் வந்தது. அடிபட்ட உடனேயே உயிர் போய்விட்டது, மனுசன் வருந்தவில்லை என்று ஊரார் சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் இவ்வளவு காலமும் நித்திரை கொண்டாள்.

“அவர் உடனை செத்தவரோ?”

யாக்கோப்பு நிலத்தைப் பார்த்தார். “இல்லை. வான் கண்ணாடிக்குள்ளாலை பின்னாலை பாத்தனான். எழும்பி இருந்தவர். ‘யாக்கோப்பு, என்னை ஏத்து’ எண்டு கூப்பிட்டவர்.”

றஞ்சனி வான் கழுவிய ஈரத்திலேயே குந்திவிட்டாள். அழுகை வரவில்லை. யாக்கோப்பு ஏதோ சொல்லத் தொடங்கினார். கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இன்னொருக்காச் சொல்லும்” என்றாள். “அவர் கூப்பிட்ட மாதிரியே சொல்லும்.”