சரஸ்வதி பூசைக்கு நிறுத்திய கன்டெய்னர்கள்

எங்கள் காந்திமதிநாதன் அண்ணாச்சிக்குச் சரஸ்வதி பூசை என்றால் அலுவலகத்தில் ஓடுகிற எதுவும் ஓடக்கூடாது. மின்விசிறிக்கு மட்டும் விலக்கு உண்டு. பாளையங்கோட்டையில் ஒரு மாடியறையில் ஐந்து பேர் வேலை பார்க்கிற நிறுவனம் எங்களுடையது. பார்வையற்றவர்களுக்குப் பாடங்களை ஒலியாகக் கொடுக்கிற செயலி ஒன்றை நடத்துகிறோம். அந்தச் செயலியின் சர்வர் மூலையில் ஓர் இரும்பு மேசைமேல் இருக்கிறது. வருசா வருசம் அண்ணாச்சி அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, தலையில் பொரி கடலை தூவுவார். துளைக்குள் விழுந்த பொரியை ஊக்கு வைத்து எடுப்பது என் வேலை.

மனசு வெண்ணெய், பிடிவாதம் கருங்கல், அதுதான் அண்ணாச்சி. நான் விஜயஸ்ரீ, எட்டு வருசமாக அவரோடு சண்டை போட்டுக்கொண்டே சம்பளம் வாங்குகிறவள்.

எங்கள் தீராத சண்டை டிஸ்க்கைப் பற்றியது. எப்போது பார்த்தாலும் நிரம்பி வழியும். "பெரிசா ஒண்ணு வாங்குங்க அண்ணாச்சி" என்றால், "இருக்கத துப்புரவா வச்சுக்கிட்டா போதும்மா" என்பார். போன மாசி மாதம் கோபத்தில் ஒரு நிரல் எழுதி வைத்தேன். தினமும் பகல் பன்னிரண்டுக்கு அது எழுந்து, ஓடாமல் கிடக்கிற கன்டெய்னர், யாரும் பயன்படுத்தாத வால்யூம், நெட்வொர்க் எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளிவிடும்.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கன்டெய்னர் ஒரு வாடகை வீடு மாதிரி, மென்பொருள் அதில் குடியிருக்கும். வால்யூம் அதன் சாமான் அறை. வீட்டை இடித்துக் கட்டினாலும் சாமான் அப்படியே இருக்கும். ஆனால் வீட்டில் ஆளில்லை என்று கண்டால் என் நிரல் சாமான் அறையையும் சேர்த்துக் காலி செய்துவிடும். எங்கள் கன்டெய்னர்கள் ஒரு நொடிகூட நிற்பதில்லையே, என்ன பயம் என்று இருந்துவிட்டேன்.

முன்பெல்லாம் பூசைக்கு அண்ணாச்சி சர்வரையே அணைத்துவிடுவார். மறுநாள் அது எழும்ப அடம் பிடிக்கும். அதனால், "சர்வர அணைக்காதீங்க, கன்டெய்னர மட்டும் நிறுத்துங்க" என்று இந்த வருசம் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். சொல்லும்போது என் நிரலின் நினைப்பே வரவில்லை. படித்து என்ன பிரயோசனம்?

விஜயதசமி அன்று காலை நல்ல நேரம் பார்த்து அண்ணாச்சி எல்லாவற்றையும் திரும்ப ஓடவிட்டிருந்தார். ஒன்பதரைக்கு நான் போனபோது சுண்டல் கிண்ணத்தோடு வாசலிலேயே நின்றார்.

"விஜி, வெளிய இருந்து யாருக்கும் கனெக்சன் கெடைக்கலயாம். ஆழ்வார்குறிச்சி அன்னத்தாய் ரெண்டு தடவ கூப்பிட்டுட்டா. ஞாயித்துக்கிழம பரீட்ச அவளுக்கு. சீக்கிரம் பாரும்மா."

அன்னத்தாய்க்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆசிரியர் தேர்வு எழுதுவது இது மூன்றாம் தடவை. எங்கள் பாடங்களைக் கேட்பதோடு நிற்காமல், செயலியிலேயே தன் குரலில் குறிப்புச் சொல்லிச் சேர்த்து வைத்திருந்தாள். இரண்டு வருசத்தில் நானூற்றுப் பதினேழு பதிவுகள். அந்த வசதியைப் பயன்படுத்தியவள் அவள் ஒருத்திதான். செயலி தும்மினால் முதல் போன் அவளிடமிருந்து வரும், முதல் திட்டும் அவளிடமிருந்துதான். அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நெட்வொர்க் கோளாறு பத்து நிமிசத்தில் பிடிபட்டது. நான் கையால் முகவரி கொடுத்து உருவாக்கியிருந்த நெட்வொர்க்கைக் காணோம். கன்டெய்னர்களை ஓட்டுகிற எஞ்சின் தானாகப் புதிதாக ஒன்றைப் போட்டு, அலுவலக ரௌட்டர் பயன்படுத்துகிற அதே முகவரிகளை அதற்கும் கொடுத்திருந்தது. ஒரே கதவெண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால் எப்படிப் போய்ச் சேரும்? சரி செய்ய ஒரே ஒரு வரி. தட்டி முடித்தேன், என்டர் மட்டும் பாக்கி.

பழக்க தோசத்தில் ஒரு தடவை டிஸ்க்கைப் பார்த்தேன். எழுபது சதவீதம் காலி.

பாவி, ஒரு நொடி சந்தோசப்பட்டேன். அப்புறம்தான் பகல் பன்னிரண்டு மணிக்கு எழும்புகிற என் நிரல் ஞாபகம் வந்தது.

"அண்ணாச்சி, நேத்து எத்தன மணிக்கு நிறுத்துனீங்க?"

"பதினொன்னரைக்கு. ஏம்மா?"

வால்யூம்களைத் திறந்து பார்த்தேன். பெயர்கள் இருந்தன, எல்லாம் இன்று காலை பிறந்தவை. உள்ளே ஒன்றுமில்லை. பொதுப் பாடங்களுக்கு வெளியே நகல் இருந்தது. அன்னத்தாயின் பதிவுகளுக்கு இருந்த நகலை, இடமில்லை என்று போன மாதம் நானே அழித்திருந்தேன்.

அவளுடைய போனில் ஒரு பிரதி இருக்கும். அவள் ஊரில் சிக்னல் வந்து வந்து போவதால் அப்படி அமைத்திருந்தோம். ஆனால் போன் சர்வரோடு பேசியதும், சர்வரில் இல்லாததைத் தன்னிடமிருந்தும் அழித்துவிடும். காலையிலிருந்து அது பேசாமல் இருந்ததற்கு ஒரே காரணம், நெட்வொர்க் கெட்டுக் கிடந்ததுதான். அதைச் சரி செய்யத்தான் நான் என்டர்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விரலை எடுத்தேன். எழுந்து போய்ச் சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். பொரி தரையெல்லாம் சிதறியது.

அன்னத்தாயைக் கூப்பிட்டேன். "நான் வார வரைக்கும் அந்த ஆப்பத் தொறக்காத. நெட்ட அணைச்சு வை."

"என்னக்கா, எல்லாம் போச்சா?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன், வரவில்லை. "சர்வர்ல போச்சு. இப்ப ஒங்கிட்ட மட்டுந்தான் இருக்கு."

"அப்ப பைய வாங்க. நான் எங்கன போவப் போறேன்" என்றாள்.

காரில் நாற்பதைத் தாண்டாத அண்ணாச்சி அன்று ஆழ்வார்குறிச்சி போகிற வழியில், முக்கூடலுக்கு முன்னால் இரண்டு பேருந்துகளை முந்தினார்.

"தப்பு என்னுதும்மா. நாந்தானே நிறுத்துனேன்."

"நிறுத்தச் சொன்னது நான். அழிக்கதுக்கு எழுதி வச்சதும் நான்."

"முதலாளி நானா நீயா? பழி எனக்குத்தான் வரணும்."

பாராட்டுக்குக்கூட நாங்கள் இப்படி அடித்துக்கொண்டதில்லை.

அன்னத்தாய் நாற்காலியில் போனை மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கேட்ட பிறகும் உடனே தரவில்லை.

"யாரு பாத்த வேல இது?"

"நான்" என்றோம் இரண்டு பேரும்.

"சரி, பரீட்ச முடியட்டும். ரெண்டு பேரையும் சேத்தே திட்டுதேன்" என்று சொல்லிப் போனை நீட்டினாள்.

வயர் போட்டு என் மடிக்கணினிக்கு நகலெடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. எண்ணிப் பார்த்தேன், நானூற்றுப் பதினேழு. எண்ணிக்கை மட்டும் போதாது, பாடுகிறதா என்று பார்க்க வேண்டும். நடுவிலிருந்து ஏதோ ஒன்றைத் தட்டினேன்.

கரகரத்த குரலில் அன்னத்தாய் பேசினாள். "ஆறு தடவ சொல்லியாச்சு, இன்னும் மனசுல நிக்க மாட்டேங்கு. போன தடவ தோத்ததும் இந்தப் பாடத்துலதான். அழாத அன்னம். அழுதா யாரு படிக்கது? மூஞ்சியக் கழுவிட்டு வா. ஏழாவது தடவ சொல்லுவோம்." தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது. பிறகு தெளிவாக, நிதானமாக, முதல் வரியிலிருந்து பாடம் தொடங்கியது.

அண்ணாச்சி தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எழுந்து அடுக்களைப் பக்கம் போனார். தண்ணீர்ச் செம்பு அவர் கையில்தான் இருந்தது.

"அது பாடம் இல்லக்கா" என்றாள் அன்னத்தாய் மெதுவாக.

"தெரியும்மா."

"குப்பன்னு அழிச்சிராதீங்க. பரீட்சைக்கு மொத நாளு அத ஒண்ணத்தான் கேப்பேன். ரெண்டு நகலா எடுத்து வைங்க."

மூன்று எடுத்தேன்.