வாவியைக் கடந்த மாப்பிள்ளைக் கார்

காலை ஏழு மணிக்கே குருக்கள்மடத்து மாப்பிள்ளை வீட்டு வாசலில் அந்த வெள்ளை மின்சாரக் கார் வந்து நின்றுவிட்டது. சாரதி அலன் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். கையில் வாடகைக் கார்க் கம்பனி கொடுத்த வெள்ளைக் கையுறை. கொடுத்தது ஒரே சோடி. வலது பெருவிரல் கிழிந்தபோது வீட்டில் வெள்ளை நூல் இல்லை. மனைவி ஜூலி நீல நூலால் நாலு தையல் போட்டுக் கொடுத்திருந்தாள்.

இன்னும் முப்பத்தொரு கிலோமீற்றர் ஓடலாம் என்று காரின் திரை காட்டியது. பொம்பிளை வீடு மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையில், அம்பிளாந்துறையில். மண்முனைப் பாலத்தால் சுற்றிப் போனால் இருபது கிலோமீற்றர். இரவு சார்ஜ் போட்ட இடத்தில் கரண்ட் போய்விட்டது என்று விடியவே கொழும்பிலுள்ள கம்பனிக்கு அறிவித்திருந்தான். "சமாளிச்சுக்கொள்ளுங்க அலன்" என்றார் முகாமையாளர் மதுரன். கொழும்பில் ஓடித் தேய்ந்த பற்றரியோடு மட்டக்களப்புக்கு வந்த கார் அது. அலனின் மூன்று மாதத் தற்காலிக வேலை இந்த வாரத்தோடு முடிகிறது. வழியில் சார்ஜ் இறங்கிக் கார் நின்றால் வேலை நிரந்தரமாகாது என்று நியமனக் கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள்.

மாப்பிள்ளையின் தாய் மங்கையற்கரசி காரை இரண்டு தரம் சுற்றிப் பார்த்தார். சுவிஸில் இருக்கும் மகள் பிடித்துக் கொடுத்த கார். பெருமைக்குக் கேட்கவா வேண்டும்?

"தம்பி, பெரியம்மாவுக்கு வெக்கை தாங்க ஏலாதாம். கொஞ்சம் உள்ளுக்க இருக்கட்டும்."

அலன் ஏசியைப் போட்டான். பெரியம்மா இறங்கியதும் மாமிமார் மூன்று பேர் ஏறினார்கள். அவர்களுக்குப் பின்னால் சித்தப்பா. பிறகு முகப்பூச்சுக் கரையாமல் இருக்க மச்சாள்மார் இன்னொரு கூட்டம். ஒரே பாட்டும் சிரிப்பும்.

"அம்மா, ஏசி போட்டா சார்ஜ் குறையும்" என்று அலன் மெல்லச் சொல்லிப் பார்த்தான்.

"நல்ல கதைகா! கார் நிக்கிது, ஒரு சத்தமும் இல்ல. இதில என்ன குறையப்போகுது?"

வாடிக்கையாளருக்கு 'இல்லை' சொல்லக் கூடாது என்பதும் கம்பனிச் சட்டம். அலன் ஏசியை நிறுத்தவில்லை.

ஒன்பதரைக்கு மாப்பிள்ளை நிதுர்ஷன் தலைப்பாகையோடு வந்து ஏறினான். திரை பதின்மூன்று என்றது. இருபதுக்கு அது போதாது என்று அலன் கணக்குப் போட்டான். மறைத்துப் பயனில்லை என்று உள்ளதைச் சொன்னான்.

"ரோட்டால ஏலாது மாப்பிள. துறைக்கு ரெண்டு கிலோமீற்றர்தான். பாதையில ஏத்துவமா?"

பாதை என்று இங்கே சொல்வது எஞ்சின் பூட்டிய இரும்பு மிதவையை. அக்கரை விறகும் மோட்டார் சைக்கிளும் அதில்தான் வந்து போகின்றன.

"இவ்வளவு பெரிய கார விறகோடயா ஏத்துற?" என்று மங்கையற்கரசி பதறினார்.

"அம்மா, ரோட்டால போனா ரோட்டில நிக்கிறவன்தான் பாப்பான். வாவியால போனா ரெண்டு கரையும் பாக்கும்" என்றான் மகன்.

மங்கையற்கரசி ஒரு கணம் யோசித்தார். "அப்ப மறுகா என்ன, ஏறுங்க கெதியா!"

துறையில் பாதை ஓட்டும் நல்லரத்தினம் காரைச் சுற்றி வந்தார்.

"தம்பி, எஞ்சின் எங்க?"

"இல்ல ஐயா."

"எண்ணெய்?"

"அதும் இல்ல."

"அப்ப என்னட்ட வந்தது சரிதான்."

கார் ஏறியது. ஆட்களும் முண்டியடித்து ஏறினார்கள். நடு வாவியில் பெண்கள் குரவையிட, தோணியில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் துடுப்பைத் தூக்கிக் காட்டினார்கள். மாப்பிள்ளை காரில் சாய்ந்து நின்று படம் எடுக்க ஆசைப்பட்டான். வெயில் முகத்தில் அடித்தது. அலன் பக்கத்தில் நின்று குடை பிடித்தான். அப்போது போன் அடித்தது, கொழும்பிலிருந்து மதுரன்.

"அலன், என்ன நடக்குது? ஸ்கிரீன்ல நீங்க வாவிக்குள்ள நிக்கிறீங்க!"

"ஓம் சேர், வாவிக்குள்ளதான் நிக்கிறன்."

"கார்?"

"காரும்தான் சேர்."

பாதை முழுக்க வெடித்துச் சிரித்தது. அலனும் தன்னை மறந்து சிரித்தான். இந்த மூன்று மாதத்தில் கம்பனி உடுப்போடு அவன் சிரித்தது அன்றுதான்.

முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்கக் கார் பொம்பிளை வீட்டு வாசலில் நின்றது. திரையில் இன்னும் பத்துக் கிலோமீற்றர் மிச்சம். பொம்பிளையின் தாய்மாமன் தன் அரிசி ஆலையிலிருந்து காருக்குச் சார்ஜ் போட வயர் இழுத்துக் கொடுத்தார். அலனைப் பந்தியில் மாப்பிள்ளையின் தோழனுக்குப் பக்கத்தில் இருத்தி, வேண்டாம் வேண்டாம் என்று அவன் சொல்லச் சொல்லப் பாயசம் ஊற்றினார்கள்.

அந்த வாரமே கடிதம் வந்தது. குறித்த வழியை விட்டு விலகியதால் இன்னும் மூன்று மாதம் தற்காலிகம். வேலை போகவில்லையே என்று ஜூலி அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள்.

அடுத்த மாதம் கல்லடிப் பாலத்தடியில் கம்பனி பெரிய விளம்பரப் பலகை ஒன்று நிறுத்தியது. அலன் ஜூலியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பார்க்கப் போனான். மாப்பிள்ளை முகநூலில் போட்ட அதே படம்: நடு வாவியில் வெள்ளைக் கார், தலைப்பாகையோடு மாப்பிள்ளை, பின்னால் நீலத் தண்ணீர். கீழே 'சத்தமில்லாத சொகுசு' என்று பொன்னெழுத்து.

"நீங்க எங்க?" என்றாள் ஜூலி.

படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை மட்டும் நீட்டி மாப்பிள்ளைக்குக் குடை பிடித்திருந்தது. மணிக்கட்டோடு படம் முடிந்தது.

ஜூலி கிட்டப் போய் அண்ணாந்து பார்த்தாள். பிறகு கைதட்டிச் சிரித்தாள்.

"இஞ்ச பாருங்க, என்ட நூல்!"

வெள்ளைப் பெருவிரலில் நீலத் தையல் நாலும், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளத்தில், வீதியில் போகிற எல்லாருக்கும் தெரிந்தன.