நாக்கைத் தூக்கு

"வாயைத் திற. நாக்கைத் தூக்கு," என்றாள் மிலுங்கா.

சென்காவுக்கு முப்பத்தொரு வயது. ஆனாலும் சமையலறையில் அம்மா மிலுங்காவுக்கு முன்னால் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். காலையும் மாலையும் இதே கூத்துதான். மூன்றாவது மருந்துக்கு மாற்றியும் வலிப்பு நிற்கவில்லை. போன வாரம் வேலை செய்யும் ரொட்டிக்கடையில் தட்டோடு விழுந்து நெற்றியைக் கிழித்துக்கொண்டாள். மாத்திரை கேட்கவில்லை என்றால் இவள் ஒழுங்காக விழுங்கவில்லை, மிலுங்காவின் கணக்கு அவ்வளவுதான். அதை விட்டால் குறுக்குக்காற்று. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்தால் உள்ளே பாயுமே, அந்தக் காற்று. அந்த ஊரில் கழுத்துப்பிடிப்பு, காதுவலி, பல்வலி எல்லாம் அதனால்தான் வருகின்றன. வலிப்பு மட்டும் என்ன விதிவிலக்கா? ஆகவே ஜூலை வெயிலிலும் அந்த வீட்டில் ஒரு ஜன்னலைத் திறந்தால் இன்னொன்றைச் சாத்தியாக வேண்டும். சென்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோயைக்கூடச் சகித்துக்கொள்ளலாம், கூடவே இருந்து தின்கிற இந்தச் சந்தேகத்தைத் தாங்க முடியவில்லை. அம்மா ஒரே ஒரு தடவை தன்னை நம்பினால் போதும் என்றிருந்தது.

பெல்கிரேட் ஆஸ்பத்திரியில் டாக்டர் வூகிட்சா பரிசோதனை முடிவுகளைப் பிரிப்பதற்குள் மிலுங்கா ஆரம்பித்துவிட்டாள்.

"நீங்களே நாலு வார்த்தை திட்டுங்க டாக்டர். மாத்திரையில ஏமாத்துறா. ஈரத்தலையோட ஜன்னல்கிட்ட வேற போய் நிக்கிறா."

"ஏமாத்தலம்மா. ரத்தத்துல மருந்து இருக்க வேண்டிய அளவு இருக்கு. போன தடவையும் இருந்துச்சு. உங்க பொண்ணு ஒழுங்காதான் சாப்பிடுறாங்க."

"அப்புறம் ஏன் நிக்கல?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். அவளுக்கும் அலுப்புதான்.

"மூணு பேர்ல ஒருத்தருக்கு எந்த மாத்திரையும் முழுசா கேக்கறதில்ல. இவங்க மூளையில ஒரு பழைய தழும்பு இருக்கு, வலிப்பு அங்கேருந்துதான் கிளம்புது. மருந்து அங்க ஏன் தோத்துப்போகுதுன்னு கேட்டீங்கன்னா, எங்களுக்கே பாதிதான் தெரியும். நாலாவது மாத்திரை எழுதலாம், ஆனா பெருசா நம்பிக்கை இல்ல. ஆபரேஷன் பண்ண முடியுமான்னு பாத்துடலாம்."

"கேட்டியாம்மா?" என்றாள் சென்கா.

"காது கேக்குது. கத்தாத."

திரும்பும் பேருந்தில் கூட்டம். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. எல்லோரும் வியர்வையில் ஊறிக்கொண்டு ஆரோக்கியமாக உட்கார்ந்திருந்தார்கள். மிலுங்கா வழியெல்லாம் பரிசோதனைத் தாளைப் பிரித்துப் பார்ப்பதும் மடித்துப் பைக்குள் வைப்பதுமாக இருந்தாள். ஒரு மன்னிப்பு கேட்டால் குறைந்தா போய்விடுவாள் என்று சென்கா நினைத்து நினைத்துப் புழுங்கினாள். மாத்திரை நேரம் வந்தது. மிலுங்கா மாத்திரையையும் தண்ணீர்ப் புட்டியையும் எடுத்து நீட்டினாள். சென்கா விழுங்கினாள். விழுங்கிய கையோடு, யாரும் சொல்லாமலே, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினாள்.

அம்மா பார்க்கவில்லை. எழுந்து நின்று, இறுகிப் போயிருந்த ஜன்னலை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தாள். அது கிறீச்சென்று திறந்தது.

"ஏம்மா, மூடு! எதிர்ல கதவுல இடைவெளி இருக்கு, குறுக்குக்காத்து!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். முன்சீட்டுக் கிழவர் அவசரமாகத் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டார். "கழுத்து பிடிச்சுக்கும்மா!"

"பிடிக்கட்டும்!" என்று கத்தினாள் மிலுங்கா. குரல் உடைந்திருந்தது. உட்காரவில்லை. யாரும் சாத்திவிடாதபடி ஜன்னலைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

சென்கா இன்னும் வாயை மூடவில்லை. தூக்கிய நாக்கின் அடியில் காற்று பட்டது.